இன்னும் தெரியல

எங்கள் லைனில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வைத்த பட்டப்பெயர் 'இன்னும் தெரியல'.

"அக்கா, இன்னிக்கி மழ வருமா?"

"இன்னும் தெரியல."

"அக்கா, வண்டி லேட்டாமே, எப்ப வரும்?"

"இன்னும் தெரியல."

என் அம்மா குழம்பு கொதிக்கும்போது அவளைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வாள். அக்கா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். கண்ணை மூடி யோசிப்பாள். இன்னொரு சொட்டு கேட்பாள். கடைசியில், "சூடா கீது சித்தி. ஆறட்டும், அப்புறம் சொல்றேன்" என்பாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உப்பு பாக்கச் சொன்னா ஜட்ஜு தீர்ப்பு மாதிரி தள்ளி வெக்கிறா பாரு! இவளைக் கட்டிக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று கரண்டியை ஆட்டுவாள். ஆனாலும் மறுநாளும் அவளைத்தான் கூப்பிடுவாள். அக்கா சரி என்று சொன்னால் அந்தக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

நான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். ராபர்ட்சன்பேட்டையில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதில் பாதியைக் கேட்டிருப்பார்கள். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

கோலார் தங்கவயலில், கோரமண்டலில் தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வரிசைதான் ஒரு லைன். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய அப்பா "நூறு!" என்பார். அவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை. என் அப்பா அவரை வாய் நிறைய அண்ணே என்பார், அதனால் எனக்குப் பெரியப்பா. அவருக்கு மனைவி இல்லை. அக்கா கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டாராம்.

அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். பெரியப்பா இறங்கியதே இல்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் வாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பெரியப்பாவைப் போல இரக்கமுள்ள மனுஷனை நான் பார்த்ததில்லை. எவர் முகமும் வாடக்கூடாது அவருக்கு. பரீட்சை எழுதிவிட்டு வந்தால் "பாஸ்தான் போ" என்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் "நாளைக்கு எழுந்து ஓடுவான்" என்பார். மகள் எதற்கும் தெரியல என்பாள், அப்பா எல்லாவற்றுக்கும் ஆயிடும் என்பார். ஒரே கூரைக்குக் கீழ் இந்த இரண்டும் எப்படித்தான் குடித்தனம் பண்ணியதோ!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டித் தோண்டி வெறுமையாக்கிய இடத்தில் பாறை பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அதை ஏர் பிளாஸ்ட் என்போம். ஒரே ஒரு அடி. வீடு உதறும், அலமாரியில் சொம்பும் தட்டும் கடகடக்கும். வெளியூர்க்காரன் என்றால் தெருவுக்கு ஓடுவான். நாங்கள் அலமாரியைப் பிடித்துக்கொள்வோம். பாத்திரம் விழாமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் வாசலுக்கு வந்து, ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்து நிற்போம். அந்த நேரத்தில் வாயைத் திறந்து யாரும் எதுவும் பேசமாட்டார்கள்.

அக்கா பிற்பாடு வடக்கே எங்கேயோ ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது நிஜமாகவே பூகம்பம் வந்ததாம். எல்லாரும் அலறிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி ஓட, இவள் மட்டும் புத்தக அலமாரியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாளாம். வார்டன் வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "தங்கவயல்காரி எங்க போனாலும் தங்கவயல்காரிதான்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவள் பிரபஞ்சத்தை ஆராய்கிறவள். கரும்பொருள் என்று ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, கையில் சிக்காது, வெளிச்சம் பட்டாலும் காட்டிக்கொடுக்காது. அதைத் தேடுகிறாள். அதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்பவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள், ரயிலில் தினமும் பெங்களூர் போய் பிசிக்ஸ் படித்தாள், அப்புறம் வடக்கே போனாள் என்று பெரியப்பா சொல்வார். அது போன வழிதான். கிளம்பிய இடம் எனக்குத் தெரியும்.

நான் ஒன்பதாவது படித்தேன். அவள் பத்தாவது. மத்தியானம், சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஏர் பிளாஸ்ட். அதற்கு முன்னால் அப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. அலமாரியைப் பிடித்தும் இரண்டு தட்டு விழுந்தது. அம்மா பேத்தமங்களாவில் மாமன் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா கீழே, ஷிப்டில்.

நான் அழுதுகொண்டே ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடினேன். அக்கா செருப்புகூடப் போடாமல் கூடவே ஓடி வந்தாள். கேட்டில் எங்கள் லைன் பொம்பளைகள் எல்லாரும் இருந்தார்கள். ஆளை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜில் ஏறி ஏறி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், புழுதியும் வேர்வையுமாக. "ஒண்ணும் ஆவாதுடி. உங்கப்பன் கெட்டிக்காரன்" என்று ஆளாளுக்கு என் தலையைத் தடவினார்கள். நான் அக்காவைக் கேட்டேன்.

"அக்கா, அப்பா வந்துடுவாருல்ல?"

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் தெரியலடி" என்றாள்.

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. கையை உதறினேன். அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள். "டோக்கன் பலகையப் பாத்தேன். இன்னும் மாட்டல. மாட்டுற வரைக்கும் இங்கியே நிக்கலாம். நான் நிக்கறேன் உங்கூட" என்றாள்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் பலகையிலிருந்து தங்கள் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் அதே ஆணியில் திரும்ப மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அவள் அந்தக் காலி ஆணியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் பெரியப்பா ஒர்க்ஷாப்பிலிருந்து ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "அடியே, ஏன் அழுவுற? உங்கப்பன் வந்துட்டான். நான் பாத்தேன், முத கேஜ்ல. ஆஸ்பத்திரியில கையில கட்டு கட்டறாங்க, அவ்ளோதான். வீட்டுக்குப் போயி வெந்நீர் வை, போ!" என்றார்.

நான் பறந்தேன். அக்கா பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன், வெந்நீர் வைத்தேன், அரிசி களைந்தேன், துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். பாட்டுப் பாடினேன், ஆமாம், பாடினேன். அந்தச் சாயங்காலம் நான் இருந்த சந்தோஷத்தில் அதற்கு அப்புறம் ஒருநாளும் இருந்ததில்லை. என் கல்யாணத்தன்றும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பாவைக் கொண்டு வந்தார்கள். வெந்நீர் அப்படியே இருந்தது. அதைக்கொண்டே குளிப்பாட்டினார்கள்.

பெரியப்பா வேறு யாரையோ பார்த்து ஏமாந்துவிட்டார் என்றார்கள். எல்லாரும் புழுதி படிந்து ஒரே மாதிரிதானே இருந்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். அவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. எங்களுக்கு அரிசி வாங்கிப் போட்டார், என்னைத் தையல் கற்க அனுப்பினார், என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றார். அவரை நான் எப்படித் திட்டுவேன்? மனசுக்குள் திட்டியதெல்லாம் அக்காவைத்தான். அவள் தெரியல என்று சொன்னதால்தான் எல்லாம் நடந்தது என்பது போல வெகுநாள் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. தினமும் பள்ளிக்கூடத்துக்கு என் வாசலில் வந்து நிற்பாள், நான் முன்னே நடப்பேன், அவள் பின்னே வருவாள். ஒருநாள் நானே நின்றேன். சேர்ந்து நடந்தோம்.

கரும்பொருள் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். கடையில் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடி சொன்னாள்.

"ஜாத்திரையில ராட்டினம் சுத்துதுல்ல, அதுல ஓரத்துல உக்காந்தவனை யாரும் புடிக்கலன்னா இன்னா ஆவும்?"

"தூக்கி வீசும்."

"வானத்துல நட்சத்திரக் கூட்டமெல்லாம் அப்படித்தான் சுத்துது. ஓரத்துல கீற நட்சத்திரம் சுத்துற வேகத்துக்கு எப்பவோ பிச்சிக்கிட்டுப் போயிருக்கணும். போவல. நமக்குத் தெரியற சாமான் மொத்தத்தையும் கூட்டினாலும் அதைப் புடிச்சி வெக்கப் பத்தாது. வேற இன்னாவோ புடிச்சிட்டுக்கீது."

"இன்னாது?"

அவள் சிரித்தாள். "அத நீயே சொல்லு."

"இன்னும் தெரியல!" என்று நானே சொல்லிக் கத்தரிக்கோலை மேஜையில் தட்டினேன். இதைத் தேடத்தான் மறுபடி சுரங்கத்துக்குள் போகிறார்கள். பூமிக்கு மேலே வானத்திலிருந்து கண்டதும் வந்து விழுந்துகொண்டே இருக்குமாம், ஒரே இரைச்சலாம். ஆழத்தில் பாறை அதையெல்லாம் தடுத்துவிடுமாம். எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் அடியிலும் ஒரு காலத்தில் அப்படி விஞ்ஞானிகள் வந்து பெட்டி வைத்திருந்தது எங்களுக்குத் தெரியும். இவளுடையது வடக்கே, இன்னும் வேலை நடக்கிற ஒரு சுரங்கத்தில். "அப்பா இறங்கின மாதிரி கேஜ்ல இறங்குறேன்டி" என்றாள். என் அப்பாவைத்தான் சொன்னாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டு அரண்டது. மாப்பிள்ளையின் மாமா, "எத்தினி வருஷமாத் தேடறீங்க? கெடச்சுதா?" என்றார். இல்லை என்றாள். "கெடைக்குமா?" என்றார். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பஜ்ஜியை முடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் பெரியப்பா என் கடைக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தார். "கண்டுபிடிச்சிட்டா! எம்பொண்ணு கண்டுபிடிச்சிட்டா!"

டிவியில் ஒரு வரி ஓடியதாம். போனில் இவர் கேட்டிருக்கிறார், அவளும் "ஏதோ ஒண்ணு தெரியுதுப்பா, சரிபாத்துட்டுக்கீறோம்" என்றிருக்கிறாள். இவர் காதில் முதல் பாதி மட்டும் ஏறியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கோரமண்டல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சுரங்கத்தை மூடி, வேலை போய், பிள்ளைகளைப் பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஊர் இது. நல்ல செய்தி கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! இளைஞர் மன்றம் ராபர்ட்சன்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தது. பஸ் ஸ்டாண்டில் பேனர்: 'பிரபஞ்ச ரகசியத்தைக் கண்டுபிடித்த தங்கவயலின் தங்கமகள்'. பேனரில் அவள் படத்தைவிடப் பெரியப்பா படம் பெரிசு.

அக்கா சனிக்கிழமை வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நேராக என் கடைக்கு. பேனரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கண்டுபிடிச்சியா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றேன்.

"இன்னும் தெரியல."

"அடிப்பாவி!"

பொறுமையாகச் சொன்னாள். ஒரு பாத்திரத்தில் ஒரு திரவம். பொங்கப்போகிற பால் மாதிரி, ஒரு தட்டுப் பட்டால் போதும், குமிழி வரும். கரும்பொருள் தட்டினால் குமிழி வரும் என்று காத்திருக்கிறார்கள். இந்த வருஷம் கணக்குப் போட்டதைவிட அதிகமாகக் குமிழி வருகிறது. வேறு எது எது தட்டினாலும் வரும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பது கரும்பொருள்தான் என்கிறார் அவளுடைய ஆராய்ச்சிக் குழுத் தலைவர். கட்டுரை தயார். திங்கட்கிழமைக்குள் இவளும் கையெழுத்துப் போடவேண்டும்.

"போட்டுத் தொலையேன்!"

"மனசுல ஏதோ உறுத்துதுடி. இன்னான்னு சொல்லத் தெரியல. போடலன்னா, பர்மனென்ட் போஸ்ட் ஒண்ணு கீது, அது எனக்கு வராது. தலைவரு பச்சையாவே சொல்லிட்டாரு." அவளுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. இத்தனை காலமும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலையில்தான் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் விழா ரவிக்கையைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா புது வேட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓர் அடி. அலமாரி கடகடத்தது. நானும் அக்காவும் ஒரே சமயத்தில் போய் அலமாரியைப் பிடித்தோம். கை தானாகப் போகிறது.

"ஏர் பிளாஸ்ட்!" என்றார் பெரியப்பா.

"மைன்ஸ் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது, இன்னும் இன்னா ஏர் பிளாஸ்ட்டு? இது கல்குவாரி வெடி" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஏர் பிளாஸ்ட்டுதான். கீழ தண்ணி ரொம்பிப் பாறை நகருது."

"குவாரின்னா குவாரிதான் பெரியப்பா!"

அக்கா அலமாரியை விடவே இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருல யாருனா போயிப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்கணுமா இன்னா? எத்தினி வருஷமா கேக்கற சத்தம்" என்றார் பெரியப்பா.

அவள் முகம் மாறிவிட்டது. மறு கையில் இருந்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "நாம எதுக்குக் காத்துட்டுக்கீறமோ அது வந்த மாதிரி இருந்தா, வேற இன்னான்னு யாரும் கேக்கமாட்டோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கேயே நின்றபடி வடக்கே போன் போட்டாள். இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினாள்.

என்னிடம்தான் சொன்னாள். அந்தச் சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரத்தில் வந்த குமிழிகளை எல்லாம் முன்னாலேயே கழித்துவிட்டார்கள். ஆனால் இந்த வருஷம் அங்கே புதிதாக ஒரு லெவல், அதாவது பாறைக்குள் இன்னொரு தளம், தோண்டுகிறார்கள். அந்த வெடிக்கு வேறு நேரம். அதைக் கழித்தார்களா என்று கேட்டால், ஒருவர் இன்னொருவர் பார்த்திருப்பார் என்கிறார், இன்னொருவர் மூன்றாமவரைச் சொல்கிறார். பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கப் பத்து நாளாவது ஆகும். தலைவர் பத்து நாள் தரமாட்டார். வேறு தேசத்துக்காரர்கள் முந்திக்கொள்வார்களாம்.

"அப்ப அது கரும்பொருள் இல்லியா?"

"இருந்தாலும் இருக்கும்டி. நெசமாவே இருக்கலாம். அதான் கஷ்டம்."

பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"அம்மா, இன்னிக்கி ஒரு நாளு. மேடையில ஏறி, ஆமாம் கெடச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கிடு. இல்லன்னு ஆனா அப்புறம் மாத்திக்கலாம். யாருக்கு இன்னா நஷ்டம்? சனங்க ஒரு ராத்திரி சந்தோஷமாத் தூங்குவாங்க."

"அப்புறம் காலையில?" என்றாள் அக்கா.

"காலையில பாத்துக்கலாம்!"

"தெரியாதத எப்படிப்பா சொல்றது?"

"ஊரு முன்னாடி என்னைப் பொய்யனாக்கப் போறியா?" என்று கத்தினார். அவர் மகளிடம் கத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பக்கம் பெரியப்பா பாவம். இன்னொரு பக்கம், ஒரு ராத்திரி சந்தோஷம் என்று அவர் சொன்னபோது, என் மூக்கில் அந்த வெந்நீர் அடுப்பின் புகை ஏறியது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மன்றத் தலைவர் கன்னடமும் தமிழுமாகக் கலந்து அடித்தார். "நம்ம ஊரு ஹுடுகி! நம்ம பொண்ணு! பூமியில இருந்து தங்கம் எடுத்தோம், இவங்க வானத்துல இருந்து எடுத்துட்டாங்க!" பொன்னாடை போர்த்தினார். மேடையில் பெரியப்பாவுக்கும் ஒரு நாற்காலி. அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மகளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். எனக்கு ஒரு நொடி, சொல்லிவிடு அக்கா, கெடச்சுதுன்னு சொல்லித் தொலை, என்றிருந்தது. மறுநொடியே, சொல்லாதே, சொல்லாதே, என்றிருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க வெச்ச பேனரைப் பாத்தேன். ரொம்ப ஆசையா கீது, அது நெசமா இருக்கணும்னு. ஆனா நாங்க இன்னும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்ச மாதிரி தெரியுது. அது சுரங்கத்து வெடியாவும் இருக்கலாம். சரிபாக்காம நான் ஆமான்னு சொல்லமாட்டேன். இன்னும் தெரியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பட்டப்பெயர் தெரிந்தவர்கள். "அப்ப பேனரு இன்னாத்துக்கு?" என்றது ஒரு குரல். "பிரியாணிக்கு!" என்றது இன்னொன்று. மண்டபமே கொல்லென்று சிரித்தது. மன்றத் தலைவர் மைக்கை வாங்கி ஏதோ சமாளித்தார். பெரியப்பா எழுந்தார். தோளில் இருந்த சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். படியிறங்கி, நடுவழியாக, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அக்கா மேடையில் நின்றபடியே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரியாணி என்று சொன்னவனைத் தேடிப் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். என்ன பிரயோஜனம்!

மறுநாள் காலை ரயிலேற்றிவிட நான் மட்டும்தான் போனேன். "அப்பா பேசலடி" என்றாள். வண்டி நகரும்போது ஜன்னலில் கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். நாற்பது வயசு தாண்டிய இரண்டு பொம்பளைகள் அழுததைக் கோரமண்டல் பிளாட்பாரம் வேடிக்கை பார்த்தது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. போஸ்ட் இன்னொருவருக்குப் போனது. இவள் பெயர் இல்லாமல் கட்டுரையை அனுப்ப மற்றவர்களும் தயங்கியதால் கடைசியில் நிறுத்திவைத்துச் சரிபார்த்தார்களாம். போன் செய்தாள். "புது லெவல் வெடிதான்டி! குமிழியில முக்காவாசி அந்த வெடியோட ஒத்துப்போவுது." குரலில் அவ்வளவு குதூகலம். "வேலை?" என்றேன். "அது போனது போனதுதான்" என்றாள். இப்போது எங்கேயோ கடல் தாண்டி, வேறொரு சுரங்கத்தின் அடியில், அதே ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் வரவே இல்லை. பெரியப்பா போனை எடுத்தால் "சாப்ட்டியா" என்பார், அவள் "சாப்ட்டேன்" என்பாள். அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு மத்தியானம். பெரியப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இப்போது அவருக்குச் சமைப்பது நான்தான். மறுபடி அந்த அடி. அலமாரி கடகடத்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். லைன் பொம்பளைகள் வழக்கம்போல வாசலுக்கு வந்து, வழக்கம்போல இவரைத்தான் கேட்டார்கள்.

"இன்னா பெருசு, ஏர் பிளாஸ்ட்டா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். மூடினார். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தெரியல" என்றார்.

அவர்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கி உங்கப்பன நான் பாக்கலம்மா."

எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"வேற ஆளப் பாத்துட்டு ஏமாந்தேன்னு ஊருல சொன்னாங்க. அதுகூட இல்ல. நான் யாரையும் பாக்கல. உம் மூஞ்சப் பாத்தேன், வாயில வந்துடுச்சி. நீ ஓடினதும் எம்பொண்ணு என்னைக் கேட்டா, 'நெசமா பாத்தியாப்பா'ன்னு. நான் பதில் சொல்லல. அவளுக்குத் தெரியும். அவ யாருகிட்டயும் சொல்லல."

இத்தனை வருஷமும் அவள் சொல்லவில்லை. நான் அவளிடம் முகம் கொடுக்காமல் முன்னே நடந்த நாட்களில்கூடச் சொல்லவில்லை. இந்த மனுஷன் போட்ட அரிசியைத் தின்று வளர்ந்தேன். இவர் கொடுத்த பொய்யில் வெந்நீர் வைத்தேன். இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஏன் பெரியப்பா, தெரியலன்னு சொல்லியிருந்தா இன்னா?"

"நீ அழுவியேம்மா."

"அழுதிருப்பேன்" என்றேன். "அங்கியே நின்னு அழுதிருப்பேன். கூட அக்கா நின்னிருப்பா."

அவர் எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போனை எடுத்து, அக்காவுக்குப் போட்டு, அவர் காதில் வைத்தேன்.